மூன்றாவது வரி

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். "பிரஷர்" என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நான் வேலை பார்க்கும் அறையில் நீராவி அழுத்தத்தில் ஓடும் பெரிய மெஷின் இருப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பழையவர்களுக்கு உண்மை தெரியும்.

ஆனால் ஒரு புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது அந்த மாதம்தான் முதல் தடவை. அது ஒரு பரீட்சைக்கான பயிற்சிப் புத்தகம். ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கித் தரும் எங்கள் அறைக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அறிவிப்பு வந்திருந்தது. பத்தொன்பது வருஷமாக நான் நிற்கிற அறை அது. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அடுத்த முறை வைக்கும்போது எனக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை.

கிருமி, வெப்பம், கருவிகளின் பெயர் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசிப் பகுதிதான் உயிரை வாங்கியது. அதற்குத் தர்க்கம் என்று தலைப்பு. முதலில் ஒரு விதி சொல்வார்கள். பிறகு அதை வைத்து நாலு கேள்வி. உதாரணத்துக்கு, மெஷின் ஓடினால் பச்சை விளக்கு எரியும் என்பது விதி. மெஷின் ஓடுகிறது, விளக்கு எரிகிறதா? விளக்கு எரிகிறது, மெஷின் ஓடுகிறதா? மெஷின் ஓடவில்லை, விளக்கு எரிகிறதா? விளக்கு எரியவில்லை, மெஷின் ஓடுகிறதா?

இதில் என்ன கஷ்டம்? ஆம், ஆம், இல்லை, இல்லை என்று எழுதிவிட்டுப் பின்பக்கம் போய் விடையைப் பார்த்தேன். முதலாவதும் நாலாவதும் சரி. நடுவில் இருந்த இரண்டுக்கும் "சொல்ல முடியாது" என்று போட்டிருந்தான். அடுத்த பக்கம் போனேன். அங்கேயும் நாலில் இரண்டு. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நாலில் இரண்டு. சொல்ல முடியாதென்றால் எதற்கய்யா கேட்கிறாய் என்று புத்தகத்தை மேஜையில் அடித்தேன். அதன் முதுகு விட்டுப்போயிற்று.

எங்கள் அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருவிகளைக் கழுவித் துடைத்து, பெரியவற்றை இரட்டைத் துணியில் கட்டி, சின்னவற்றைப் பேப்பர் கவரில் போட்டு ஒட்டி, மெஷினுக்குள் மூன்று தட்டுகளில் அடுக்குவோம். ஒரு தடவை அடுக்கி ஓட்டுவதை ஒரு லோடு என்போம். கனமான துணிக்கட்டு கீழ்த்தட்டில், பேப்பர் கவர் மேல்தட்டில். கதவைப் பூட்டினால் நீராவி ஏறும். வேக வேண்டியது வெந்தபிறகு அரை மணி நேரம் உள்ளேயே உலர வேண்டும். அதற்குமுன் கதவைத் திறந்தால் அத்தனை உழைப்பும் வீண். ஈரத்துணி வழியாகக் கிருமி உள்ளே புகுந்துவிடும்.

இதையெல்லாம் எங்கள் பிரிவின் தலைவி பெரிய சிஸ்டர் பன்னிரண்டு வரிகளாகத் தட்டச்சு செய்து, லேமினேட் போட்டு, மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தார். "கையுறை இல்லாமல் தொட்டால் கருவியில் கறை படியும்" என்பது முதல் வரி. "உலரும் நேரம் முடியுமுன் கதவைத் திறந்தால் கட்டு ஈரமாக வரும்" என்பது மூன்றாவது. எங்களுக்கு அது குற்றப் பத்திரிகை மாதிரி. கறையைக் கண்டால் முதல் வரியைக் காட்டி, யார் கையுறை போடவில்லை என்று கேட்போம். ஈரத்தைக் கண்டால் மூன்றாவது வரியைக் காட்டி, யார் கதவைத் திறந்தது என்று கேட்போம். ஒரு ஆள் அகப்படாமல் இருந்ததே கிடையாது.

அப்படி அகப்பட்டவள்தான் ரேடியோ. என்னோடு நாலு வருஷம் வேலை பார்த்தவள். எந்நேரமும் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் ஓட்டிய லோடில் ஒரு கட்டு ஈரமாக வந்தது. கதவை முன்னாலேயே திறந்துவிட்டாள் என்று முடிவாயிற்று. மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழ்த்தளத்துச் சலவைப் பகுதிக்குப் போனாள். யார் முடிவு செய்தார்கள் என்று இப்போது கேட்காதீர்கள். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு நேரம் வந்தது. எலும்பு டாக்டர் முழங்கால் ஆபரேஷனுக்குக் கை கழுவிவிட்டு நிற்கிறார். கட்டைப் பிரிக்கிறார்கள். உள்ளே கருவிகளின் மேல் தண்ணீர் துளித்துளியாக நிற்கிறது. ஆபரேஷன் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போயிற்று. கட்டின் மேல் இருந்த சீட்டில் திங்கட்கிழமைக் கடைசி லோடின் நம்பரும் என் கையெழுத்தும் இருந்தன. அந்த லோடை நான் தனியாக ஓட்டியிருந்தேன்.

பெரிய சிஸ்டர் அந்த ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.  நேராகச் சுவருக்குப் போய் மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"நான் திறக்கல சிஸ்டர்" என்றேன்.

"திறக்காம எப்படி நனையும்?"

"எனக்குத் தெரியாது. ஆனா முப்பது நிமிஷமும் இங்கயே நின்னேன். பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு நின்னேன்."

"படிச்ச மும்முரத்துல மணி பார்க்காம திறந்திருப்ப. நனைஞ்சிருக்கு இல்ல? அப்புறம் என்ன பேச்சு?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. துணியைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்துதான் இருந்தது. மெமோவை மேஜையில் வைத்தார். நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாக என் ஃபைலில் ஏறும். ஃபைலில் மெமோ இருக்கிறவர்கள் பரீட்சை எழுத முடியாது. போடாவிட்டால் விசாரணை. விசாரணை முடிகிறவரைக்கும் பரீட்சை எழுத முடியாது. எந்தப் பக்கம் போனாலும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இல்லை. பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிரஷர் அழுகிறாள் என்று யாருக்கும் தெரியக்கூடாதே.

நாலரை மணிக்கு வீட்டுக்குப் போனால் அடுப்படியில் பால் பொங்கி வழிந்து கிடக்கிறது. பர்னர், மேடை, தரை எல்லாம் பால். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கே வந்துவிடுவார். கையில் துணியோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாள் முழுவதும் அடக்கி வைத்ததெல்லாம் அவர் தலையில் இறங்கியது.

"அடுப்புல பாலை வச்சுட்டு போன் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க! நீங்க போன்ல மூழ்கினா பால் பொங்கும். இது இந்த வீட்டு விதி. பால் பொங்கியிருக்கு. அப்ப போன்லதான் இருந்திருக்கீங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபமே படாத மனுஷர். அதுவே எனக்குப் பாதி எரிச்சல்.

"பால் பொங்க நூறு காரணம் இருக்கும். பேப்பர்காரர் மாசக் காசு கேட்டு வாசல்ல பெல் அடிச்சார், போனேன். அதுக்குள்ள பொங்கிடுச்சு. அதை விடு. உன் பையைத் திற."

"எதுக்கு?"

"திறந்து பாரேன்."

திறந்தேன். என் போனும் இருந்தது, பக்கத்தில் அவருடைய போனும் இருந்தது. காலையில் அவசரத்தில் இரண்டையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

"நான் போன் பார்த்திருந்தா, போன் என் கையில இருந்திருக்கணும்" என்றார். "அது உன் பையில இருந்திருக்கு. அப்ப நான் பார்க்கல. சரியா? இப்ப அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கு, பாலை மிதிக்கிற."

நான் காலைத் தூக்கவில்லை. அப்படியே நின்றேன். பையிலிருந்து முதுகு விட்டுப்போன புத்தகத்தை எடுத்து, பாலில்லாத ஓர் ஓரமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தேன். அவர் என்னைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

போனில் மூழ்கினால் பால் பொங்கும். சரி. பால் பொங்கியிருக்கிறது, போனில் மூழ்கினாரா? சொல்ல முடியாது. பெல் அடித்திருக்கலாம், தூங்கியிருக்கலாம், தீயைக் கூட்டி வைத்திருக்கலாம். விதி ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது. காரணத்திலிருந்து காரியத்துக்குப் போகலாம் என்றால், அதே பாதையில் திரும்பி வரவும் உரிமை இருக்கிறது என்று அர்த்தமில்லை. "சொல்ல முடியாது" என்று விடை எழுதியவனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கதவைத் திறந்தால் கட்டு நனையும். கட்டு நனைந்திருக்கிறது. கதவைத் திறந்தேனா? சொல்ல முடியாது! துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சொல்ல முடியாது என்றால், திறந்தேன் என்றும் சொல்ல முடியாது, திறக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. விசாரணை அப்படியே நிற்கும். பரீட்சை போய்விடும்.

என் வீட்டுக்காரர் எப்படித் தப்பித்தார்? பால் பொங்க நூறு காரணம் இருக்கிறது என்று சொன்னதற்கு நான் மசியவே இல்லை. போன்தான் என் வாயை அடைத்தது. அவர் போன் பார்த்திருந்தால் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒன்று அங்கே இல்லை. நாலாவது கேள்வி! விளக்கு எரியவில்லை, அதனால் மெஷின் ஓடவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் யோசிக்காமல் சரியாக எழுதின அதே நாலாவது கேள்வி. கையிலேயே வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன்.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்று கத்தினேன்.

"என்னத்தை?"

"இன்னும் தெரியல. ஆனா என்னத்தைக் கண்டுபிடிக்கணும்னு கண்டுபிடிச்சுட்டேன்."

அவர் துணியைப் பிழிந்துவிட்டு, "நல்லது" என்றார். இருபத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவர். இந்த மாதிரி விஷயத்தில் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

நான் கதவைத் திறந்திருந்தால் வேறு என்ன நடந்திருக்க வேண்டும்? இதை மட்டும் கேட்டுக்கொண்டே சப்பாத்தி தேய்த்தேன். சப்பாத்தி ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. கதவை முன்னாலேயே திறந்தால் கட்டுகளில் ஏறிய நீராவி உலராமல் அங்கேயே தண்ணீராகும். அந்த ஈரம் ஒரு கட்டோடு நிற்காது. மூன்று தட்டும் நனையும். மேல்தட்டும் நனைய வேண்டும். ஆனால் ஒன்றரை நாளில் எதுவும் காய்ந்து போகுமே, எப்படிக் காட்டுவது? அப்போதுதான் சுவரில் இருந்த ஏழாவது வரி நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை ஏழரைக்கே போய்விட்டேன். அந்த லோடில் இருந்த எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கழுவ வேண்டும் என்று தள்ளுவண்டியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நல்லவேளை, ஒன்றையும் இன்னும் கிழிக்கவில்லை. மேல்தட்டுக் கவர்கள் இருபத்திரண்டு. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.  பிறகு வண்டியைப் பெரிய சிஸ்டரின் அறைக்கே தள்ளிக்கொண்டு போனேன்.

"கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல சிஸ்டர். போடப்போறதும் இல்ல. ஒரே ஒரு சந்தேகம். கதவை முன்னாடியே திறந்தா கீழ்த்தட்டு மட்டும் நனையுமா, எல்லாத் தட்டுமா?"

"எல்லாந்தான். என்ன கேள்வி இது?"

"பேப்பர் கவர் நனைஞ்சா?"

"சுருங்கும். ஏழாவது வரி. நான்தானே எழுதினேன்."

"காய்ஞ்சப்புறம் அந்தச் சுருக்கம் போயிடுமா?"

"போகாது. அதையும் அங்கேயே எழுதியிருக்கேன்."

"இந்தாங்க, திங்கக்கிழமை லோடு. நம்பரைப் பாருங்க. மேல்தட்டு கவர் இருபத்திரண்டு. இதுல ஒரே ஒரு சுருக்கம் காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடவிப் பார்த்தார். கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி வழுவழுவென்று இருந்தன. பக்கத்தில் எலும்பு டாக்டர் வந்து நின்றதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நேற்றைய சமாசாரம் என்னவாயிற்று என்று கேட்க வந்திருந்தார்.

"திறந்திருந்தா மேல்தட்டு நனைஞ்சிருக்கணும்" என்றேன்.  "மேல்தட்டு நனையல. அதனால நான் திறக்கல."

டாக்டர் ஒரு கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சரியாத்தானே சொல்றாங்க?"

பெரிய சிஸ்டர் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவர் இல்லை. "எல்லாத் தட்டும் நனையும்னு பொதுவா சொன்னேன். யாரு பரிசோதிச்சுப் பார்த்தா? சில நேரம் மேல்தட்டு தப்பிச்சாலும் தப்பிக்கும்."

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன் என்று சொன்னால் பெருமையடிப்பதாகும். எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "அப்ப இப்பவே திறந்து பார்த்துடலாம்."

ஒன்பதரைக்குக் காலிக் கவர்களையும் பழைய துணிக்கட்டுகளையும் மூன்று தட்டிலும் அடுக்கினேன். பெரிய சிஸ்டரே கதவைப் பூட்டினார். பக்கத்து அறைகளிலிருந்து நாலைந்து பேர் வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். நீராவி ஏறியது, வெந்தது, இறங்கியது. உலரும் நேரம் ஆரம்பித்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்தி, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, எல்லார் கண்ணெதிரிலும், கதவை முன்னாலேயே திறந்தேன். குப்பென்று வெள்ளையாக ஆவி வந்து பெரிய சிஸ்டரின் கண்ணாடியை மறைத்தது. அவர் துடைத்துக்கொண்டு முதலில் மேல்தட்டுக்குக் கை நீட்டினார். கவர் ஈரத்துணி மாதிரி தொங்கியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பத்து கவர் பார்த்தார். பதினொன்றாவதை எடுக்கவில்லை.

"நீ திறக்கல" என்றார்.

வாசலில் யாரோ கை தட்டினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே ஓர் ஆட்டம் போடலாம் போல இருந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனதற்கு நேற்று கத்தின அதே டாக்டர், "அப்போ தண்ணி எங்கேருந்துதான் வந்தது?" என்றார்.

"எனக்குத் தெரியாது டாக்டர். என்னால இல்லைங்கறது மட்டும்தான் தெரியும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, கீழ்த்தட்டு மட்டும் ஏன் நனையுதுன்னு கேப்போம்."

மெக்கானிக் வந்து, மெஷினின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையைப் பார்த்தார். அதன் மேல் ஒரு சின்னச் சல்லடை உண்டு. அதை நெம்பி எடுத்ததும் எல்லாரும் மூக்கைப் பிடித்தோம். துணிப் பஞ்சும் கட்டுகளை ஒட்டும் டேப்பின் பசையும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பிக் கிடந்தது. தண்ணீர் வடியாமல் அடியிலேயே தேங்கி, கீழ்த்தட்டை நனைத்திருக்கிறது. "நீங்கதான் இதைச் சுத்தம் பண்ணாம..." என்று மெக்கானிக்கிடம் ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இப்போதுதானே கற்றுக்கொண்டேன், அதற்குள்ளாகவா?

"இது எவ்வளவு நாள் அழுக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். பஞ்சு ஒரு நேரம் அடைக்கும், ஒரு நேரம் விலகிக்கும். அதான் எப்பவாவது ஒரு தடவை நனையுது."

ஒரு வருஷம். சல்லடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரேடியோவின் எட்டு மாதமும் அதற்குள் அடக்கம்.

இப்போது சொல்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த முடிவைச் செய்தது நான்தான். பெரிய சிஸ்டர் வருவதற்குள் நானே சுவருக்குப் போய் மூன்றாவது வரியில் விரலை வைத்தேன். பாட்டு பாடிக்கொண்டே கவனமில்லாமல் திறந்திருப்பாள் என்று சாட்சி சொன்னேன். அன்றும் நனைந்தது கீழ்த்தட்டுக் கட்டுதான். மேல்தட்டுக் கவர்களை நானே எண்ணிப் பல் டாக்டரின் அறைக்குக் கொடுத்தனுப்பினேன். ஒன்றுகூடச் சுருங்கியிருக்கவில்லை.

இதை அப்படியே எல்லார் முன்னாலும் சொன்னேன். பெரிய சிஸ்டர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அது முடிஞ்ச கதை. இப்ப எதுக்கு அதைக் கிளறுற? சாட்சி சொன்னது நீ. தப்பா சொன்னேன்னு எழுதிக் கொடுத்தா, அந்தக் காகிதம் உன் ஃபைல்லதான் ஏறும். ஞாயித்துக்கிழமை ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நல்லவள் மாதிரி நடிக்க மாட்டேன். என் கை பேனாவிடம் போகவில்லை. தேறினபிறகு எழுதிக் கொடுக்கலாமே என்று மனசு சொன்னது. நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் இன்று முழுக்க நான் கத்தினது என்ன? விதி ஆளுக்கு ஆள் மாறாது என்பதுதானே? என்னை விடுவித்த அதே வாக்கியம் அவளையும் விடுவிக்கிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை மறைத்தால் நான் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

எழுதினேன். ஏழு வரி. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். 

பெரிய சிஸ்டர் இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீ சாட்சிதான். மெமோ கொடுத்தது நான். அதைத் திருப்பி வாங்கிக்க வேண்டியவளும் நான்தான். மெக்கானிக் ரிப்போர்ட்டை வச்சு இன்னைக்கே ரத்து பண்றேன்." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இந்தக் காகிதம் ஃபைலுக்கு வேண்டாம். அவளுக்குத்தான் வேணும். நீயே கொண்டு போய்க் கொடு."

மணி பதினொன்றே முக்கால். மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடந்த என் மெமோவை அவரே நாலாகக் கிழித்தார்.

கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். சலவை மெஷின்களின் இரைச்சலில் ரேடியோ படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாயில் பாட்டு இல்லை. காகிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"அன்னைக்கே சொன்னேனேக்கா" என்றாள். "மேல்தட்டு கவரெல்லாம் நல்லா காய்ஞ்சிருக்கு, கதவைத் திறந்திருந்தா அது எப்படிக் காயும்னு."

"சொன்னியா?"

"ரெண்டு தடவை. நீங்க மூணாவது வரியையே காட்டிக்கிட்டு இருந்தீங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. எனக்குப் புத்தகமும் பாலும் போனும் இருபத்திரண்டு கவரும் தேவைப்பட்ட விஷயத்தை, அவள் அன்றைக்கே ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள். என் காதில்தான் விழவில்லை.

"தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுடு" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில் நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை.

அவள் விரிப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் இழுத்து, உதறி, மடித்தோம். மூன்றாவது விரிப்பை அவள் அடுக்கில் வைத்தாள்.

"மேல வர்றேன். ஆனா பாடுவேன்."

"பாடு."

"சத்தமா பாடுவேன்."

"பாடித் தொலை!" என்று கத்தினேன். அவள் சிரித்துவிட்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சலவைச் சோப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தர்க்கப் பகுதியில் பன்னிரண்டு கேள்விகள் வந்தன. பன்னிரண்டுக்கும் சரியான விடை எழுதினேன் என்று மண்டபத்தை விட்டு வரும்போதே தெரியும். "சொல்ல முடியாது" என்று எழுதிய ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வந்தது. மேற்பார்வையாளர் இரண்டு முறை முறைத்தார். மூன்று வாரம் கழித்துப் பொறுப்பாளர் நாற்காலி என்னுடையதாயிற்று. சுவரில் இப்போது பதின்மூன்று வரிகள் இருக்கின்றன. கடைசி வரியை நான் சொல்ல, பெரிய சிஸ்டரே தட்டச்சு செய்தார்: "மேலே உள்ள எந்த வரியையும் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் படிக்கக் கூடாது."

ஆனால் எனக்குப் பிடித்த நாள் அதற்கெல்லாம் முந்தியது. பரீட்சைக்கு மறுநாள், திங்கட்கிழமை, ரேடியோ மேலே திரும்பி வரும் நாள். காலையில் நான் முதல் லோடை அடுக்கிக்கொண்டிருந்தபோது பெரிய சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வெளியிலேயே பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. ரேடியோ வந்தாச்சா?"

 அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். என்னைத் தவிர யாரும் இல்லை. ரேடியோ அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தாள். பாடிக்கொண்டிருந்தது நான்.